இலை இல்லாத சாலட்: புத்தாண்டு இரவுக்கு ஒலிவியே செய்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ரஷ்யாவில் மருத்துவம் படிக்கப் போய் ஆறு குளிர்காலங்களைக் கழித்துவிட்டு வந்தவன் நான். ஊர் திரும்பிய பிறகும் டிசம்பர் 31 அன்று எங்கள் வீட்டில் ஒலிவியே இல்லாமல் இருந்ததில்லை. சாப்பிட்டுப் பார்த்த சொந்தக்காரர்களும், பிள்ளைகளை அங்கே படிக்க அனுப்பியிருக்கும் நண்பர்களும் வருடா வருடம் கேட்கிற கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றுதான். தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஒலிவியே என்பது நம்மூர் ரஷ்யன் சாலட்தானே?

சொந்தம்தான், ஆனால் தூரத்துச் சொந்தம். வேகவைத்த உருளைக்கிழங்கு, கேரட், முட்டை, உப்புநீரில் புளித்த வெள்ளரி, டப்பாவில் வரும் பச்சைப் பட்டாணி, வெந்த கோழியோ சாசேஜோ, எல்லாவற்றையும் பட்டாணி அளவுக்கு நறுக்கி மயோனைஸில் பிசறினால் ஒலிவியே. நம் கல்யாண பஃபேயில் வைக்கிற ரஷ்யன் சாலட்டில் பீன்ஸ் இருக்கும், பல நேரம் அன்னாசியும் இருக்கும், மயோனைஸ் இனிக்கும். புளித்த வெள்ளரிதான் இருக்காது. வெள்ளரி போனால் ஒலிவியேயின் உயிரே போயிற்று என்பது என் கட்சி.

பெயரைக் கடையில் கேட்க வேண்டியிருந்தால், ரஷ்யர்கள் சொல்லும்போது அது 'அலிவியே' என்றுதான் காதில் விழும்.

சாலட் என்கிறீர்கள், ஒரு இலைகூடக் காணோமே?

டிசம்பர் கடைசியில் மாஸ்கோவில் மாலை நான்கு மணிக்கே சூரியன் மறைந்துவிடும். தரையெல்லாம் பனி. தோட்டத்தில் பறிப்பதற்கு ஒன்றும் கிடையாது. வீட்டில் இருப்பதெல்லாம் நிலவறையில் மூட்டையாகக் கிடக்கும் உருளைக்கிழங்கு, மணலில் புதைத்து வைத்த கேரட், வெங்காயம், ஆகஸ்டு மாதத்தில் ஜாடியில் போட்டு மூடிய வெள்ளரி. ஒலிவியே இவற்றைக் கொண்டு செய்வது. இந்தக் கலவைக்கு 'ஸீம்னி', அதாவது குளிர்காலச் சாலட், என்றே இன்னொரு பெயரும் உண்டு. நாம் சித்திரை வெயிலில் வற்றலும் வடகமும் போட்டு மழைக்கு எடுத்து வைக்கிறோமே, அதே கணக்கு.

பச்சை இலை செய்ய வேண்டிய வேலையை இதில் வெள்ளரியின் புளிப்பு செய்கிறது. உருளைக்கிழங்கும் முட்டையும் மயோனைஸும் சேர்ந்து நாக்கில் கனமாக உட்காரும்போது அந்தப் புளிப்புதான் அதைத் தூக்கிவிடுகிறது. கீழே நிறைய மாற்றங்களுக்குச் சரி சொல்லியிருக்கிறேன். புளிப்பை விடுவதற்கு மட்டும் சரி சொல்லமாட்டேன்.

ஒலிவியே யார்?

லூசியன் ஒலிவியே. 1838இல் பிறந்து 1883இல் இறந்தவர். மாஸ்கோவின் துரூப்னயா சதுக்கத்தில் 1860களில் தொடங்கிய 'எர்மிதாஜ்' என்ற பெரிய உணவகத்தை நடத்தியவர். பணக்காரர்கள் கூடும் இடம் அது. அவருடைய சாலட் என்று 1890களில் அச்சான செய்முறைகளைப் பார்த்தால் காட்டுக்கோழி இறைச்சி, ஆற்றில் பிடிக்கும் சிங்கி இறாலின் வால், ஆலிவ், கேப்பர் மொட்டு என்று பட்டியல் போகிறது. அசல் சாஸில் என்ன சேர்த்தார் என்பது அவரோடு போய்விட்டது. அவருடைய சமையலறையில் வேலை பார்த்த இவானோவ் என்பவர் சாஸ் செய்வதை ஒளிந்திருந்து பார்த்து வேறு உணவகத்துக்குக் கொண்டுபோனார் என்று ஒரு கதை உண்டு. நல்ல கதை, அவ்வளவுதான்.

1917 புரட்சிக்குப் பிறகு அந்த உணவகமும் இல்லை, அங்கே சாப்பிட்டவர்களும் இல்லை. சாலட் மட்டும் ஏழையாகிப் பிழைத்துக்கொண்டது. காட்டுக்கோழி இருந்த இடத்தில் கோழி வந்தது, அப்புறம் சாசேஜ் வந்தது. சிவந்த இறால் இருந்த இடத்தில் கேரட், பச்சைக் கேப்பர் இருந்த இடத்தில் டப்பாப் பட்டாணி. நிறத்தையாவது காப்பாற்றினார்கள் என்று ரஷ்யர்களே சொல்லிச் சிரிப்பார்கள்.

இது கிறிஸ்துமஸ் சாப்பாடா, புத்தாண்டுச் சாப்பாடா?

புத்தாண்டுதான். அதற்குக் காரணம் அரசியல். சோவியத் ஆட்சி கிறிஸ்துமஸை ஒதுக்கி வைத்தது. வீட்டில் தேவதாரு மரம் வைப்பதுகூடப் பழைய காலத்து வழக்கம் என்று ஏசப்பட்டது. 1935 டிசம்பர் கடைசியில் பாவெல் பஸ்திஷெவ் என்ற தலைவர் 'பிராவ்தா' நாளிதழில், குழந்தைகளுக்காகப் புத்தாண்டு மரம் வைப்போம் என்று எழுதினார். அதோடு மரம் திரும்பி வந்தது, ஆனால் கிறிஸ்துமஸ் மரமாக அல்ல, புத்தாண்டு மரமாக. 1947 டிசம்பரில் போட்ட உத்தரவின்படி ஜனவரி 1 விடுமுறை நாளாயிற்று. கிறிஸ்துமஸின் மரம், பரிசு, விருந்து எல்லாம் இப்படிப் புத்தாண்டுக்கு மாறிப் போய் உட்கார்ந்துகொண்டன.

ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் சபை, நம் நாட்காட்டியைவிடப் பதின்மூன்று நாள் பின்தங்கிய பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றுவதால் அவர்களுடைய கிறிஸ்துமஸ் ஜனவரி 7இல் வரும். அதே பதின்மூன்று நாள் வித்தியாசத்தில் 'பழைய புத்தாண்டு' என்று இன்னொன்றும் ஜனவரி 14இல் உண்டு. நாங்கள் விடுதியில் மின்சார அடுப்பில் பொங்கல் வைக்கும் நேரத்தில் பக்கத்து அறை ரஷ்யர்கள் பழைய புத்தாண்டு கொண்டாடிக்கொண்டிருப்பார்கள். ஒரு கிண்ணம் இந்தப் பக்கம் வரும், ஒரு கிண்ணம் அந்தப் பக்கம் போகும்.

ஆறு பேருக்கு என்ன அளவு?

நடுத்தர அளவில் உருளைக்கிழங்கு 4, ஏறக்குறைய அரைக் கிலோ. கேரட் 2, முட்டை 4. எலும்பில்லாமல் வேகவைத்த கோழியோ சாசேஜோ 300 கிராம். புளித்த வெள்ளரி 200 கிராம். 400 கிராம் பட்டாணி டப்பா ஒன்று, தண்ணீரை நன்றாக வடித்துவிடுங்கள். சின்ன வெங்காயமானால் ஐந்தாறு, பெரியதானால் ஒன்றில் பாதி. மயோனைஸ் 150 கிராமில் தொடங்கிப் போதவில்லை என்றால் கூட்டிக்கொள்ளலாம். மிளகுத்தூள், கிடைத்தால் ஒரு பிடி சதகுப்பைக் கீரை. உப்பைக் கடைசியில்தான் போட வேண்டும், ஏனென்றால் வெள்ளரி, சாசேஜ், மயோனைஸ் மூன்றிலும் ஏற்கெனவே உப்பு இருக்கிறது.

டப்பாப் பட்டாணிக்கு அலைய முடியாதவர்கள் உறைந்த பட்டாணியை மூன்று நிமிடம் வேகவைத்துக் குளிர்ந்த தண்ணீரில் போட்டு எடுங்கள். டப்பாப் பட்டாணியின் மெத்தென்ற இனிப்பு வராது. பரவாயில்லை.

உருளைக்கிழங்கு ஏன் மசிந்து போகிறது?

என்னிடம் அதிகம் பேர் கேட்பது இதைத்தான். நானே முதலில் தோற்றதும் இதில்தான்.

முதல் வருடம் ஒரு வயதான அம்மாவின் வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். புத்தாண்டுக்கு அவருக்கு முன்னால் கெட்டிக்காரனாகக் காட்டிக்கொள்ள ஆசைப்பட்டு, ஆவி பறக்கிற உருளைக்கிழங்கைத் தோலுரித்து, விரல் சுட்டுக்கொண்டே நறுக்கி, மயோனைஸைக் கொட்டிக் கிளறினேன். இரண்டு நிமிடத்தில் மயோனைஸ் உருகி எண்ணெய் பிரிந்தது. கிழங்கு உதிர்ந்து, பட்டாணி மட்டும் அங்கங்கே முழித்துக்கொண்டு நின்றது. அந்த அம்மா ஒரு கரண்டி எடுத்துப் பார்த்துவிட்டு "பியூரே" என்றார். மசியல் என்று அர்த்தம். வேறெதுவும் சொல்லவில்லை. மூடி வைத்துவிட்டு மறுநாள் அதைக் கட்லெட்டாகப் பொரித்துத் தந்தார்.

அவர் அப்புறம் காட்டிக்கொடுத்த முறை இது. கிழங்கையும் கேரட்டையும் தோலோடு வேகவைக்க வேண்டும். ரஷ்ய மொழியில் இதற்கு 'சீருடையோடு வேகவைப்பது' என்று பெயர். பச்சைத் தண்ணீரிலேயே போட்டு, கொதி வந்ததும் தீயைக் குறைத்து, கத்தி நுனி சிரமமில்லாமல் உள்ளே போகிற பதத்தில் எடுங்கள். கிழங்கின் அளவைப் பொறுத்து 20 முதல் 30 நிமிடம் ஆகும். குக்கரில் வைத்தால் தோல் வெடித்துத் தண்ணீர் குடித்துவிடும். பொரியலுக்கு அது பரவாயில்லை, இதற்கு ஆகாது. வெந்ததை வெளியே ஆறவிட்டு, தோலோடு இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுநாள் உரித்து நறுக்கினால் ஓரம் கூர்மையாக நிற்கும். குளிரும்போது கிழங்கின் மாவுச்சத்து இறுகிவிடுவதுதான் காரணம்.

கடையில் வாங்கும்போது வெந்தால் மாவாக உதிரும் கிழங்கைத் தவிருங்கள். மெல்லிய தோலுள்ள புதுக்கிழங்கு நன்றாக நிற்கும்.

புளித்த வெள்ளரிக்கு எங்கே போவது?

இதில் ஒரு வேடிக்கை உண்டு. படிக்கும் காலத்தில் ஒரு ஜாடியைத் திருப்பிப் பார்த்தபோது 'இந்தியாவில் தயாரானது' என்று ரஷ்ய எழுத்தில் அச்சிட்டிருந்தது. கெர்க்கின் என்கிற குட்டி வெள்ளரியை 1990களின் தொடக்கத்தில் கர்நாடகத்தில் ஏற்றுமதிக்காகப் பயிரிட ஆரம்பித்தார்கள். அப்புறம் அது தமிழ்நாட்டுக்கும் ஆந்திராவுக்கும் பரவியது. கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டு விவசாயிகள் பயிரிடுகிறார்கள். வாங்கும் நாடுகளில் ரஷ்யாவும் ஒன்று. இங்கே விளைந்தது அவர்கள் புத்தாண்டு மேசைக்குப் போய்விடுகிறது. நாமோ 'ஒலிவியேக்கு வெள்ளரி கிடைக்கவில்லை' என்று புலம்புகிறோம்.

பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளில் கெர்க்கின் பாட்டில் கிடைக்கும். பெரும்பாலும் அது வினிகரில் ஊறியது, சிலவற்றில் சர்க்கரையும் இருக்கும். சர்க்கரை இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். ரஷ்யப் பாட்டிகள் ஒத்துக்கொள்வது வினிகர் போடாமல் உப்புநீரில் தானாகப் புளித்த வெள்ளரியைத்தான். வீட்டிலேயே செய்யலாம். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீருக்கு 50 கிராம் கல்லுப்பு. பிஞ்சு வெள்ளரியை இரண்டு முனையும் நறுக்கிவிட்டு, பூண்டுப் பல், மிளகு, சதகுப்பையோடு கண்ணாடி ஜாடியில் அடுக்கி, உப்புநீரில் முழுவதும் மூழ்கும்படி ஊற்றுங்கள். அவர்கள் செர்ரி இலை போடுவார்கள், அதிலுள்ள துவர்ப்பு காயை மொறுமொறுப்பாக வைத்திருக்கும் என்பதற்காக. நான் ஒரு சிட்டிகை தேயிலை போடுகிறேன். நம்மூர் வெப்பத்தில் மூன்று நான்கு நாளில் நீர் கலங்கிப் புளிப்பு ஏறிவிடும். உடனே ஃபிரிட்ஜுக்கு மாற்றுங்கள். டிசம்பர் 26 வாக்கில் போட்டால் 31க்குச் சரியாக இருக்கும்.

நறுக்கிய வெள்ளரியைக் கையால் பிழிந்துதான் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு மணி நேரத்தில் கிண்ணத்தின் அடியில் குளம் கட்டும்.

மாங்காய் ஊறுகாயோ எலுமிச்சை ஊறுகாயோ போடலாமா?

வேண்டாம். உப்பில் மட்டும் ஊறிய, காரம் சேராத மாவடு இருந்தால் முயற்சி செய்யலாம். நான் ஒரு தடவை போட்டேன், மோசமில்லை.

மயோனைஸ் கடையில் வாங்கலாமா? பச்சை முட்டை மயோனைஸுக்குத் தடை போட்டார்களே?

தமிழ்நாட்டில் 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்கு, பச்சை முட்டையில் செய்த மயோனைஸைத் தயாரிக்கவும் விற்கவும் அரசு தடை விதித்தது. சால்மோனெல்லா போன்ற கிருமிகளால் உணவு விஷமாகும் ஆபத்துதான் காரணம். தடை இருந்தாலும் இல்லாவிட்டாலும், படித்த படிப்பை வைத்துச் சொல்கிறேன், விருந்துக்கு நிறையப் பேர் சாப்பிடும் சாலட்டில் பச்சை முட்டை வேண்டாம்.

முட்டையில்லாத பாட்டில் மயோனைஸ் எங்கும் கிடைக்கிறது, ஆனால் பல பிராண்டுகள் இனிக்கும். அரை ஸ்பூன் கடுகு விழுதும் சில சொட்டு எலுமிச்சைச் சாறும் கலந்தால் ஓரளவு சரியாகும். ரஷ்யாவில் பழக்கமான 'ப்ரவான்சால்' மயோனைஸ் சோவியத் தர விதிப்படி 67 சதவீதம் கொழுப்பு உள்ளது, புளிப்பு தூக்கலாக இருக்கும். அது வந்த சிறு கண்ணாடி ஜாடிகளை யாரும் தூக்கிப்போட மாட்டார்கள். வீட்டில் எல்லாவற்றுக்கும் பயன்படும், ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கு மாதிரி எடுத்துக்கொண்டு போவது உட்பட. சாப்பாட்டுப் பேச்சில் அதை இதோடு விட்டுவிடுவோம்.

வீட்டில் செய்ய எளிதான வழி பால் மயோனைஸ். காய்ச்சி ஆறவைத்துக் குளிர்ந்த பால் 100 மில்லி, சூரியகாந்தி எண்ணெய் 200 மில்லி, அரை ஸ்பூன் கடுகு விழுது, உப்பு. உயரமான குவளையில் ஊற்றி, கை பிளெண்டரை அடியில் வைத்து அசைக்காமல் ஓட்டுங்கள். அடியிலிருந்து வெள்ளையாகத் திரண்டு வரும்போது மெல்ல மேலே தூக்குங்கள். கடைசியில் ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு ஊற்றினால் சட்டென்று கெட்டியாகும். கனம் பிடிக்காதவர்கள் பாதிக்குப் பாதி, துணியில் கட்டித் தொங்கவிட்ட தயிர் சேர்க்கலாம். ரஷ்யர்கள் இதே மாதிரி புளித்த கிரீமைச் சேர்ப்பது உண்டு.

சாசேஜா, கோழியா?

ரஷ்ய வீடுகளில் இது தீராத சண்டை. சோவியத் காலத்து வழக்கம் 'தோக்தர்ஸ்கயா', அதாவது டாக்டர் சாசேஜ். 1936இல் மாஸ்கோ இறைச்சித் தொழிற்சாலையில் வந்தது. உடல் நலிந்தவர்களுக்கான சத்துணவு என்று சொல்லி விற்றார்கள். மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி, முட்டை, பாலோடு ஏலக்காயோ ஜாதிக்காயோ சேர்ப்பார்கள். முதன்முதலில் அந்த ஏலக்காய் வாசனை மூக்கில் ஏறியபோது எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது.

நம்மூரில் கோழிதான் வசதி. நெஞ்சுக்கறியை உப்பும் மிளகும் போட்ட தண்ணீரில் மெதுவாக வேகவைத்து, அந்தத் தண்ணீரிலேயே ஆறவிடுங்கள். வறண்டு போகாது.

எங்கள் வீட்டில் முட்டைகூடக் கிடையாது. என்ன செய்வது?

கவலைப்படாதீர்கள், ரஷ்யர்களே இதற்கு வழி வைத்திருக்கிறார்கள். ஆர்த்தடாக்ஸ் விரதம் நவம்பர் 28 முதல் ஜனவரி 6 வரை நீள்வதால் புத்தாண்டு இரவு விரதத்துக்குள்தான் வருகிறது. கடுமையாக விரதம் இருப்பவர்களுக்கு இறைச்சி, முட்டை, பால் எதுவும் ஆகாது. அவர்கள் விரத ஒலிவியே செய்வார்கள், பெரும்பாலும் காளானோடு.

காளானைப் பொடியாக நறுக்கி, வெங்காயத்தோடு எண்ணெயில் தண்ணீர் வற்றும்வரை வதக்கி, முழுக்க ஆறவைத்துச் சேருங்கள். காளானும் சாப்பிடாத வீட்டில் பன்னீர் துண்டுகள். முட்டை வாசனை வேண்டுமென்றால் கறுப்பு உப்பு ஒரு சிட்டிகை, அதற்குமேல் போனால் சாட் ஆகிவிடும். வெள்ளரியைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.

எவ்வளவு பொடியாக நறுக்க வேண்டும்?

பட்டாணி அளவு. ஒரு கரண்டி எடுத்தால் அதில் எல்லாமும் ஒவ்வொன்றாவது வர வேண்டும் என்பதுதான் கணக்கு. உணவு அரவை இயந்திரத்தில் போட்டால் விழுதாகிவிடும். 31ஆம் தேதி மத்தியானம் ரஷ்ய வீடுகளில் டிவி ஓடிக்கொண்டிருக்கும், மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு காய் நறுக்குவார்கள். முதல் வருடம் நான் தங்கியிருந்த வீட்டு அம்மா பலகையே பயன்படுத்த மாட்டார். உரித்த கிழங்கை இடது உள்ளங்கையில் வைத்து, சின்னக் கத்தியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, கட்டைவிரலை நோக்கி இழுப்பார். சதுரங்கள் நேராகக் கிண்ணத்தில் விழும். நம் பாட்டிகள் அரிவாள்மனையில் காட்டும் அதே அலட்சியம். நீங்கள் பலகையில் வைத்தே நறுக்குங்கள்.

ஆப்பிள் போட்டால் தப்பா?

தப்பில்லை. ரஷ்யாவிலும் சிலர் போடுகிறார்கள், போலந்துக்காரர்களின் காய்கறிச் சாலட்டில் அது சகஜம். புளிப்பான பச்சை ஆப்பிள் நல்லது. அன்னாசி, திராட்சை பக்கம் மட்டும் போகாதீர்கள்.

மற்ற நாடுகளிலும் இது உண்டாமே?

நிறைய. ஸ்பெயினில் டூனா மீன் போட்டு 'ரஷ்யச் சாலட்' என்றே வருடம் முழுக்கச் சாப்பிடுகிறார்கள். ஈரானில் கோழியை நாராகப் பிய்த்து, கிழங்கை மசித்து, 'ஒலிவியே' என்ற பெயரிலேயே ரொட்டிக்குள் வைக்கிறார்கள். அங்கே என் முதல் வருடத் தோல்வி வெற்றியாக எண்ணப்பட்டிருக்கும். டென்மார்க்கிலும் நார்வேயிலும் இதன் உறவுக்கு 'இத்தாலியன் சாலட்' என்று பெயர். துருக்கியில் பனிப்போர்க் காலத்திலிருந்து 'அமெரிக்கன் சாலட்' என்ற பெயரும் ஓடுகிறது.

எப்போது கலக்க வேண்டும்? எவ்வளவு நேரம் தாங்கும்?

30ஆம் தேதி வேகவையுங்கள், 31 மத்தியானம் நறுக்குங்கள். நறுக்கியதை மயோனைஸ் இல்லாமல் மூடி ஃபிரிட்ஜில் வைத்து, சாப்பிட ஒரு மணி நேரத்துக்கு முன் பிசறுங்கள். அந்த ஒரு மணி நேரத்தில் சுவை ஒன்றோடொன்று கூடும். பிசறியதை ஒரு நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும். மேசையில் இரண்டு மணி நேரத்துக்குமேல் வெளியே இருந்ததைத் திரும்ப ஃபிரிட்ஜில் வைக்க வேண்டாம். ரஷ்யாவில் பெரிய பாத்திரத்தை பால்கனியில் வைத்துவிடுவார்கள், வெளியே மைனஸ் பத்து. நம் பால்கனியில் அந்த வேலை நடக்காது. சின்னச் சின்னக் கிண்ணமாக எடுத்து வையுங்கள்.

கூட என்ன வைப்பது?

அங்கே பீட்ரூட் போர்த்திய ஹெர்ரிங் மீன், எலும்புச் சாற்றை உறையவைத்த ஹலதேத்ஸ், கறுப்பு ரொட்டி, மேசை நடுவில் மாண்டரின் ஆரஞ்சுக் குவியல். இங்கே கிறிஸ்துமஸ் முடிந்து வீட்டில் மிச்சமிருக்கும் கேக்கும், கமலா ஆரஞ்சும் போதும். பிரியாணி வைக்கிற வீடுகளில் தயிர்ப் பச்சடிக்குப் பதிலாக இதை வைத்துப் பார்த்திருக்கிறேன். இரண்டும் கனம், ஒத்துப்போகவில்லை.

மிஞ்சினால்?

ஜனவரி 1 காலையில் கிண்ணத்திலிருந்தே கரண்டியால் சாப்பிடுவதுதான் ரஷ்ய முறை. எங்கள் வீட்டில் பிரெட் டோஸ்ட்டுக்கு நடுவில் வைப்போம். அம்மா மட்டும் எத்தனை சொன்னாலும் கேட்காமல் தோசைக்குத் தொட்டுக்கொள்வார். போன வருடம் நானும் தொட்டுப் பார்த்தேன். வெள்ளரி கொஞ்சம் அதிகம் போட்டிருக்கலாம்.